வெளிநாட்டில் இருந்துகொண்டு மட்டக்களப்பு, அம்பாறையில் பழைய குடும்ப வீடு வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டக்களப்பு மாமாங்கம் கோயிலுக்கு வரும் வெளிநாட்டு உறவுகளில் ஆண்டுதோறும் இரண்டொருவராவது, தீர்த்தம் முடிந்த மறுநாள், பழைய வீடொன்றின் உறுதியை (உரிமைப் பத்திரத்தை) பையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வருகிறார்கள். நொத்தாரிசு அலுவலகமொன்றில் உறுதி எழுதுவதிலும் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்ப்பதிலும் என் காலம் கழிந்தது என்பதே அதற்குக் காரணம். கனடாவிலிருந்து வந்தாலும் சுவிசிலிருந்து வந்தாலும் அவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, என் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். உங்கள் காணிக்குரிய இறுதி ஆலோசனையை உங்கள் சட்டத்தரணியே தர வேண்டும். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

"நான் கனடாக் குடியுரிமை எடுத்து இருபது வருடமாகிறது. மட்டக்களப்பில் ஒரு பழைய வீட்டை என் பெயரில் விலைக்கு வாங்கலாமா?"

இரட்டைக் குடியுரிமை பெறாதவராயின் வாங்க முடியாது. இலங்கைப் பிரசை ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், அதற்கென முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தாலன்றி, இலங்கைக் குடியுரிமையை அன்றே இழந்துவிடுகிறார். புளியந்தீவில் பிறந்ததற்கான அத்தாட்சியும் பழைய அடையாள அட்டையும் கையில் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவரே. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி உரிமை மாற்றம் பற்றிய மட்டுப்பாட்டுச் சட்டம், 2013 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, வெளிநாட்டவருக்குக் காணியை விற்பதைத் தடுக்கிறது. அதை மீறி எழுதப்படும் உறுதிக்குச் சட்டத்தில் வலு இல்லை. மாடிக் குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டென்றாலும், நாம் பேசுவது கிணறும் வளவும் உள்ள வீட்டைப் பற்றியாதலால் அது இங்கு உதவாது.

மூன்று வழிகள் எஞ்சுகின்றன. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. உரிமையாளரின் நெருங்கிய உரித்தாளர் ஒருவருக்கு முதுசமாகவோ, நன்கொடையாகவோ, மரணசாசனத்தாலோ வரும் காணிக்கும் தடை இல்லை. இரண்டும் பொருந்தாதவர் 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுக்கலாம். வெளிநாட்டில் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் பெற்று, இலங்கைக் கடவுச்சீட்டையே வைத்திருப்பவர் இன்னும் இலங்கைப் பிரசை என்பதால் அவருக்கு இந்தக் கவலை தேவையில்லை.

"முதலில் வீட்டை எழுதிவிட்டு, பிறகு ஆறுதலாக இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?"

கூடாது. உறுதியில் கையெழுத்து விழும் நாளில் நீங்கள் யார் என்பதே கணக்கு. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சான்றிதழ் கையில் கிடைத்த பின்னரே விலைக்கு எழுதுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதுவதாயின் இருவருக்கும் அந்தத் தகுதி இருக்க வேண்டும்.

"தம்பி ஊரில்தான் இருக்கிறான். இப்போதைக்கு அவன் பெயரில் வாங்கி வைத்தால் என்ன?"

வாங்கி வைக்கலாம், ஆனால் அது தம்பியின் வீடு. பணம் உங்களுடையது என்பதற்கு வங்கிச் சிட்டைகள் இருக்கலாம், தம்பியும் சொல் தவறாதவராக இருக்கலாம். அவர் நாளை மரணசாசனம் எழுதாமல் இறந்துபோனால் வீட்டின் பாதி அவர் மனைவிக்கும் மறுபாதி பிள்ளைகளுக்கும் போகும், அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுத்தவர்கள் அல்லர். சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் போனதற்குக் காரணமாக நான் கண்டவற்றில் இதுவே முதலிடம் பெறும். பொறுத்திருந்து முந்திய பதிலில் சொன்ன வழியிலேயே செல்லுங்கள்.

"அது அம்மம்மாவின் வீடு என்று ஊருக்கே தெரியும். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமா?"

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் இதுவே முக்கியமானது என்று நான் நினைக்கிறேன். ஊர் சொல்லும் பெயரும் உறுதியில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாமல் போவது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம், ஏனெனில் இங்கே வீடு பெண்ணோடு போவது. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை, தமிழரிடையேயும் சோனகரிடையேயும், மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடும் பேசப்படும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்த மகளுக்குத் தாயின் வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோரும் மற்றப் பிள்ளைகளும் அதே வளவின் ஓரத்தில் சிறு வீடொன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அந்தச் சிறு வீடு பெருப்பிக்கப்படும்.

இப்படி மூன்று தலைமுறை கடந்த ஒரு வளவில் யாருக்கு எது எழுதப்பட்டது, எது வாய்ச்சொல்லோடு நின்றது என்பதைத் தோம்பு மட்டுமே சொல்லும். களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டை விற்கவும் வாங்கவும் இரு பக்கமும் சம்மதித்து, முற்பணமும் கொடுத்தாகிவிட்ட பிறகு, பதிவேட்டை நான் பார்த்தேன். விற்கவிருந்த அம்மா பிறந்தது முதல் அந்த வீட்டிலேயே வாழ்ந்தவர். அவருடைய கலியாணமும் அந்த விறாந்தையிலேயே நடந்தது. ஆனால் 1961 இல் எழுதப்பட்ட சீதன உறுதி அவருடைய அக்காவின் பெயரில் இருந்தது. அக்கா கலியாணமாகி ஐந்தாம் ஆண்டில் பிள்ளைப்பேற்றில் இறந்தவர். அக்காவின் கணவர் மறுமணம் செய்துகொண்டு திருகோணமலைக்குப் போய்விட்டார், அவர் பங்கைப் பற்றி அறுபது ஆண்டுகளாக யாரும் நினைக்கவே இல்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. தன் வீடு என்றே நம்பி வாழ்ந்தார்.

ஆகவே பேச்சைத் தொடங்கும் முன்னரே பதிவேட்டுப் பிரதியை எடுங்கள். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு மட்டக்களப்பிலும், அம்பாறைக் கரையோர ஊர்கள் பெரும்பாலானவற்றுக்குக் கல்முனையிலும் காணிப் பதிவகங்கள் இருக்கின்றன. குறைந்தது 30 ஆண்டு உரித்துத் தொடரைப் பார்ப்பது வழக்கம். குடும்ப வீடாயின், தாய்க்கு வீடு வந்த உறுதி வரைக்கும் பின்னோக்கிப் போகச் சொல்வேன். சீதன உறுதியில் பெற்றோரின் சீவிய உரித்து (வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமை) ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அவர்கள் இறந்ததற்கான அத்தாட்சி இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

"அம்மா எழுதிவைக்காமல் போய்விட்டா. நாங்கள் நாலு பேர். ஆளுக்குக் கால்வாசி தானே? தேசவழமை இதற்குப் பொருந்துமா?"

தேசவழமை யாழ்ப்பாண மாகாணத் தமிழருக்குரியது; மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரின் முதுசத்தை அது ஆளாது. முற்காலத்தில் இங்கே முக்குவர் சட்டம் வழங்கியது, அதில் முதுசம் பெண்வழியே இறங்கியது. இன்று நமக்குப் பொருந்துவது 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி இறந்தவரின் கணவன் அல்லது மனைவிக்குப் பாதியும், பிள்ளைகளுக்கு மீதிப் பாதியும் சமமாகப் போகும். முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தனியே உண்டு, அவர்களுடைய பங்குக் கணக்கு வேறு.

அப்பா அம்மாவுக்கு முன்னரே இறந்திருந்தால் ஆளுக்குக் கால்வாசி என்பது சரி. சிக்கல், நால்வரில் ஒருவரும் இறந்திருக்கும்போது வருகிறது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள அண்ணா அம்மாவுக்குப் பின்னர் இறந்தாரென்றால், அவருடைய கால்வாசியில் பாதி, அதாவது எட்டில் ஒன்று, அண்ணிக்கும், பதினாறில் ஒன்று வீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் சேரும். அவர் அம்மாவுக்கு முன்னர் இறந்தாரென்றால் பிள்ளைகள் இருவரும் அந்தக் கால்வாசியை எட்டில் ஒன்றாகப் பகிர்வார்கள். அண்ணிக்கு ஒன்றும் வராது. ஒரே வீடு, ஒரே குடும்பம். எந்தத் திகதி முந்தியது என்பதில் கையெழுத்திட வேண்டியவர் மாறிவிடுகிறார். ஆகையால் மரண அத்தாட்சிப் பத்திரங்கள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் அடுக்கிக்கொண்டு உட்காருங்கள்.

"மூத்த அண்ணாவை 1990 இல் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அவருடைய பங்கை என்ன செய்வது?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் பலர். கேட்கும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டத்தில் இரு வழிகள் உள்ளன. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணத்தைப் பதிவு செய்ய வழியமைக்கப்பட்டது. மரணம் என்று எழுத மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழைக் கொண்டுவந்தது. சொத்து அலுவல்களுக்கு அந்தச் சான்றிதழ் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இரண்டில் எதைத் தெரிவது என்பது அண்ணியும் பிள்ளைகளும் முடிவு செய்ய வேண்டியது. வீடு வாங்கும் அவசரத்துக்காக ஒரு தாயை மரண அத்தாட்சிக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பங்கை அப்படியே விட்டு, மற்றப் பங்குகளை மட்டும் வாங்கிய குடும்பத்தையும் நான் அறிவேன்.

"சின்னம்மா மட்டும் தன் பங்கை விற்கச் சம்மதம் என்கிறா. அதை முதலில் வாங்கி வைக்கட்டுமா?"

பிரிக்கப்படாத பங்கை வாங்க முடியும். ஆனால் வாங்கிய பின் உங்களுக்கு இன்ன அறை, இன்ன மூலை என்று எதுவும் சொந்தமாகாது. மற்றவர்களோடு முழு வளவிலும் ஒரு பங்குக்காரராகிறீர்கள். பின்னர் ஒத்துவராவிட்டால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பங்கு பிரிப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு வைக்க வேண்டிவரும். அத்தகைய வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்பவை, பிரிக்க முடியாத சிறு வளவாயின் ஏலத்திலும் முடியக்கூடும். எல்லாரும் ஒரே நாளில், ஒரே உறுதியில் கையெழுத்திடும் வரை காத்திருப்பதே நல்லது.

"வீட்டில் பெரியம்மா முப்பது வருடமாக இருக்கிறா. பத்து வருடம் இருந்தால் அவருக்கே சொந்தம் என்கிறார்களே?"

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்லும் பத்து ஆண்டு, உரிமையாளருக்கு எதிராகவும் தடையின்றியும் ஆண்ட பத்து ஆண்டு. உங்கள் அம்மாவின் அனுமதியோடு, வீட்டைப் பார்த்துக்கொள்ள இருந்தவருக்கு அது தானாக வந்துவிடாது. பங்குக்காரர் ஒருவர் இருந்தாலும், மற்றப் பங்குக்காரருக்காகவும் இருந்தார் என்றே முதலில் கொள்ளப்படும். அப்படியல்ல என்று அவரே காட்ட வேண்டும். உறவல்லாத ஒருவர் நெடுங்காலமாக வாடகைக்கு இருந்தாரென்றால், 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறதா என்பதைத் தனியே பாருங்கள்.

பெரியம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்திலும் அந்த வீட்டில் விளக்கு வைத்தவர் அவர்தான். ஓடு கழன்றபோது மாற்றியதும், ஆதன வரி கட்டியதும், வளவை மற்றவர் அடைத்துக்கொள்ளாமல் காத்ததும் அவரே. அவர் எங்கே இருப்பார் என்ற ஏற்பாட்டை விலை பேசும் முன் செய்யுங்கள். வாழ்நாள் முழுதும் அங்கே இருக்கலாம் என்று உடன்பட்டால் அதை எழுத்தில் வையுங்கள். அவருக்கும் அது நிம்மதி.

"அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு வீடு. 'பெர்மிட்' காணி என்கிறார்கள். விலை மிகக் குறைவு. வாங்கலாமா?"

விலை குறைவாக இருப்பதன் காரணமே அதுதான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி அரச காணி. அதை விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் ('கிராண்ட்') பெற்ற காணியையும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதி இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. 'நொத்தாரிசு எழுதித் தந்தார்' என்று காட்டப்படும் உடன்படிக்கைகளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பின்னுரித்தாளர் பெயரிடப்படாமல் இறந்தவரின் இத்தகைய காணியில், உரித்து வரிசை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளையே முதலில் வைத்திருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தமே அதை மாற்றியது. வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கும் ஊரில், மகள் குடியிருக்க மகனின் பெயரில் காணி இருப்பதை இதனாலேயே காண்கிறோம்.

"மூல உறுதி 1978 சூறாவளியோடு போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?"

முடியும். நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது சட்டம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் பதிவகத்தில் உறுதிப்படுத்தப்பட்ட பிரதி எடுக்கலாம். அடுத்த வளவின் உறுதியிலுள்ள எல்லை விபரத்தைக் கொண்டு பிடித்த அனுபவமும் எனக்கு உண்டு. மூல உறுதி தொலைந்தது என்று சொல்பவரிடம், அது வங்கியிலோ வட்டிக்காரரிடமோ ஈடாக இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை நேராகக் கேளுங்கள்.

"உறுதியில் 'வடக்கு தெற்கு இருபது பாகம், கிழக்கு பாலைமரம் நின்ற ஒழுங்கை' என்று இருக்கிறது. இதை எப்படி நம்புவது?"

பாகம் என்பது ஆறடி. ஆகவே இருபது பாகம் 120 அடி. பாலைமரம் இன்று இல்லை, ஒழுங்கையும் அரையடி நகர்ந்திருக்கும். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிய வரைபடம் எடுத்து, அயலவரை நிற்க வைத்து எல்லைக்கல் போடுங்கள். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. பேர்ச் கணக்கில் விலை பேசுபவர் வரைபடம் வரும் முன் விலையை முடிக்கக் கூடாது.

"வீடு பார்க்க உறுதியாகத்தான் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?"

பழைய சுண்ணாம்புச் சுவர் தடிப்பாக இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் வீட்டின் உயிர் கூரையில் இருக்கிறது. ஏணி வைத்து ஏறி, கைமரம் சுவரில் இறங்கும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முதிரையும் பாலையும் கல்லுப் போலத் திருப்பி அடிக்கும். செல்லரித்த மரம் மேலே பூச்சோடு நன்றாகத் தெரிந்தாலும் திருப்புளி பிடி வரைக்கும் இறங்கிவிடும். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போன வீடுகள் பலவற்றில், கிடைத்த மரத்தை வைத்து அவசரமாகத் திரும்பவும் வேய்ந்தார்கள். ஒரே அறையில் முதிரைக் கைமரமும் தென்னங் கைமரமும் கலந்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ஊர் ஓடாவி (தச்சர்) ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய காசு அல்ல.

கிணற்றுத் தண்ணீரை ஐப்பசியில் குடித்துப் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று முடிவு செய்யாதீர்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஊர்களில் ஆவணியில் அது உவர்க்கலாம். 2011 சனவரி வெள்ளம் எதுவரை நின்றது என்று அயலவரைக் கேளுங்கள். சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். நாவலடி, பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில் போன்ற கரையோரங்களில் 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டவோ பெருப்பிக்கவோ கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"வந்துபோக லீவு இல்லை. அற்றோணித் தத்துவம் கொடுத்து வாங்கலாமா?"

கொடுக்கலாம். உங்களுக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் அந்தப் பத்திரத்தில், இலங்கைத் தூதரகத்தில் அல்லது துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே பதிவு செய்ய வேண்டும். எல்லாச் சொத்துக்கும் பொதுவாகக் கொடுக்காமல், இன்ன வளவை இன்ன விலைக்குள் வாங்க மட்டும் என்று எழுதுங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும். விற்பவர் பக்கத்தில் தத்துவக்காரர் வந்தால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று அன்று காலை வீடியோவில் பேசிப் பாருங்கள். தத்துவக்காரர் இங்கே பிரசை என்பதால் முதல் கேள்வியில் சொன்ன தடை நீங்கிவிடாது.

"காசை உண்டியலில் அனுப்பினால் கூடக் கிடைக்கும். உறுதியிலும் விலையைக் குறைத்துப் போடலாம் என்கிறார்கள்."

இரண்டையும் செய்யாதீர்கள். வங்கியூடாக, வெளிநாட்டிலிருந்து முதலீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கான உள்முக முதலீட்டுக் கணக்கில் வந்த பணத்தால் வாங்கினால், பின்னாளில் வீட்டை விற்று அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துச் செல்ல வழி இருக்கும். வங்கியைத் தவிர்த்து, கைமாற்றாக உண்டியலில் வந்த பணத்துக்கு எந்தத் தடயமும் இல்லை. முத்திரைத் தீர்வை பொதுவாக முதல் 1 இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும் ஆகும். அது சந்தைப் பெறுமதியில் கணிக்கப்படுவது என்பதால் குறைத்து எழுதியது பின்னர் மிகுதிக் கட்டணமாகத் திரும்பி வரலாம். வழக்கு என்று ஒன்று வந்தால், உறுதியில் எழுதிய விலையே நீங்கள் கொடுத்த விலை.

"எல்லாம் சரிவந்தது. கடைசித் தங்கை மட்டும் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறா. காசும் வேண்டாமாம்."

காசு வேண்டாம் என்பவருக்கு வேறொன்று வேண்டியிருக்கிறது. கேட்டுப் பாருங்கள். ஆரையம்பதியில் இப்படி மறுத்த ஒரு தங்கை, பல மாதம் கழித்து, தன் கலியாணத்துக்குப் பேசிய வளவின் தெற்குப் பக்கம் தனக்கு எழுதப்படவே இல்லை என்று சொன்னார். அப்பா வாயால் கொடுத்தது. எழுதும் முன் இறந்துவிட்டார். அண்ணன்மாருக்கு அது நினைவிலேயே இல்லை. பத்துப் பேர்ச்சை வரைபடத்தில் வெட்டி, அவர் பெயருக்கு முதலில் எழுதினோம். அந்த உறுதியில் மை காய்வதற்குள் மற்றதிலும் அவர் கையெழுத்து வைத்தார்.